மலை முழுங்கி மருமகனுக்கு மாமன் சொல்லும் புத்தி

மருமகனே, குவாரிக் குத்தகை கைக்கு வந்திருச்சாமே! ரொம்பச் சந்தோசம். மலை முழுங்கி மகாதேவனுக்குக் கதவு அப்பளம்னு சொல்லுவாக. இன்னையிலருந்து ஊர்க் கதவெல்லாம் உனக்கு அப்பளம்தான். பொரிச்சுத் தின்னு, நல்லா இரு.

வாழ்த்தினவன் வாயை மூடிக்கிட்டுப் போகணும். வயசாயிருச்சுல்ல, மூட மாட்டேங்குது. "இந்தக் கெழவனுக்குக் கல்லைப் பத்தி என்ன தெரியும்?"னு நீ முணுமுணுக்கிறது எனக்குக் கேக்குது. கல்லைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுப்பா. ஆனா இந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியா இருந்தவன். மானத்துலருந்து விழுகிற தண்ணி எந்தப் பாறையில வழுக்கி, எந்த ஓடையில இறங்கி, எந்த மடைக்கு வந்து சேரும்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். கல்லு வெட்டுற வித்தையை உன் போர்மேன்கிட்டக் கேட்டுக்கோ. தண்ணியைப் பத்தி மாமன்கிட்டக் கேளு. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

உன் குத்தகைப் பத்திரத்தைப் பார்த்தேன். சர்வே நம்பர் இருக்கு. நாலு மூலைக்கும் ஜிபிஎஸ் அளவு இருக்கு. கல்லு எத்தனை கன மீட்டர், கிராவல் எத்தனை கன மீட்டர்னு கணக்கு இருக்கு. மழையோட கையெழுத்தைத்தான் காணோம். நீ எல்லைக்கல்லு நட்டு வெள்ளையடிச்சு வச்சிருக்கே. ஐப்பசியில மேகம் வந்து, "அடடா, இது மாப்பிள்ளையோட லீஸ் ஏரியா"ன்னு சுத்திப் போகுமா?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேர் நிலத்துல ஒரு சென்டிமீட்டர் மழை பேஞ்சா 1 லட்சம் லிட்டர் தண்ணி. உன் குவாரி 5 ஹெக்டேர். அடைமழையில ஒரே நாள்ல 5 சென்டிமீட்டர் கொட்டுதுன்னு வச்சுக்கோ. ஆச்சு 25 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற டேங்கர்னா 200 லாரிக்கு மேல. டீசல் செலவில்லை, டிரைவர் பேட்டா இல்லை, நடைச்சீட்டும் இல்லை. அது பாட்டுக்கு வந்து இறங்குது. உள்ளே வரும்போது அது மழைத்தண்ணி. வெளியே போகும்போது என்னவா போகுதுங்கிறதுலதான் உன் சாமர்த்தியமே இருக்கு.

சாமர்த்தியத்துக்கு உனக்குச் சொல்லியா தரணும்? மழை பெய்யிற ராத்திரியாப் பார்த்து மோட்டாரைப் போட்டுக் குழித்தண்ணியை ஓடையில இறக்கிவிடுறது. காலையில யாராச்சும் கேட்டா, "மலைத்தண்ணிங்க, கலங்கலாத்தான் வரும்"னு கையை விரிக்கிறது. இந்தப் படிப்பெல்லாம் உங்க சங்கத்துல முதல் வகுப்புலயே முடிச்சிருப்பீக. நான் சொல்றது கொஞ்சம் பழைய படிப்பு. அது ஒரே வரிதான்: வாய்க்காலை முதல்ல வெட்டு, கல்லை அப்புறம் வெட்டு. முதல் வெடி வெடிக்கிறதுக்கு முன்னாடி தண்ணிக்கு வழி பண்ணினவன் பிழைச்சுக்கிருவான். வெடி வச்சு, குழி தோண்டி, ஐப்பசி பிறந்த பெறகு மண்வெட்டியைத் தேடுறவன் ஊர் வாயில விழுவான்.

பாறைக்கு வெடி வச்சவக எல்லாரையும் ஊரு ஒரே மாதிரி பேசுறதில்லை. முல்லைப் பெரியாத்துத் தண்ணி நம்ம மேலூர்ப் பக்கத்து வயலுக்கு வர்றதுக்கும் மலையைக் குடைஞ்சுதான் வழி பண்ணினாக. 1895ல அந்த வேலை முடிஞ்சுச்சு. அந்த வேலையை நடத்தின பென்னிகுக் துரையும் வெடி போட்ட ஆளுதான். அவரு படத்துக்கு இன்னைக்கும் மாலை விழுது. வெடிக்கு முன்னாடியே தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இதே மேலூர்ல கிரானைட்டு வெட்டின கதையும் இருக்கு. கழிவுக் கல்லு கண்மாயிலயும் வரத்துக்கால்லயும் போய் விழுந்துச்சு. கடைசியில உயர் நீதிமன்றம் 2014ல ஐஏஎஸ் அதிகாரி சகாயத்தைச் சட்ட ஆணையரா அனுப்பி, 2015 நவம்பர்ல அவரு அறிக்கை கொடுத்தாரு. மாலையா, அறிக்கையா? எது வேணும்னு நீயே முடிவு பண்ணு.

முதல்ல கிராவலுக்கு வருவோம். அதை நீ "மேல் குப்பை"ங்கிறே. கல்லை மூடிக்கிட்டு இருக்கிற சனியன், சீக்கிரம் வழிச்சு லேஅவுட்டுக்கு அனுப்புங்கிறே. மருமகனே, நம்ம மாநிலத்துல நாலுல மூணு பங்குக்குக் கிட்ட கடினப் பாறை பூமி. பாறைக்குள்ள தண்ணி நிக்காது. மேல உக்கிப்போன கிராவல்லயும், பாறை வெடிப்புலயும்தான் நிக்கும். தட்டுல இட்லி இருந்தா ஊத்துற சாம்பாரை அது குடிச்சு வச்சுக்கும். இட்லியை எடுத்துட்டு வெறும் தட்டுல சாம்பாரை ஊத்தினா உன் வேட்டிக்குத்தான் வரும். கிராவல்தான் இட்லி, கருங்கல்லு தட்டு. நீ இட்லியை வித்துட்டு, நாளைக்குக் கீழ்க்கரைக் கிணத்துல ஏன் ஊத்து அடைபட்டுச்சுன்னு எங்களையே திருப்பிக் கேப்பே.

ஒரு மலைக்கு எவ்வளவு தண்ணி கட்டுப்பட்டிருக்கும்னு தெரியணுமா? பக்கத்துல அரிட்டாபட்டிக்குப் போய்ப் பாரு. 2022 நவம்பர்ல அதைத் தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சப்ப, அந்த மலைகளை நம்பி 72 ஏரி, 200 ஊத்து, 3 தடுப்பணை இருக்குன்னு அரசாங்கமே எழுதுச்சு. அது காக்கப்பட்ட மலை, உன்னுது ஏலம்போன மலை. தண்ணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அதனால கிராவலை எடுக்கணும்னா மொத்தமா உரிக்காதே. இந்த வருசம் வெட்டப்போற துண்டுக்கு மட்டும் எடு. மிச்சம் புல்லும் புதருமா அப்படியே கிடக்கட்டும். மேல்மண்ணைத் தனியா ஒதுக்கிவை. நாளைக்குக் குழி மூடையில அந்த மண்ணை லட்சம் கொடுத்தாலும் வாங்க முடியாது. கழிவு மண்ணை ஓடை ஓரத்துல கோபுரமாக் கட்டாதே, கும்பாபிசேகம் மழைதான் பண்ணும். அடியில கல்லுக்கட்டு ஒண்ணு கட்டி, சரிவுல வெட்டிவேர் நடு. வெட்டின இடத்துல வெட்டிவேர், பொருத்தமாத்தான் இருக்கும். அது வேரை ஆழமா இறக்கி மண்ணைப் பிடிச்சுக்கும். அந்தச் செடிக்குச் சம்பளமும் கிடையாது, தீபாவளி போனசும் கிடையாது.

அடுத்தது சுத்துக் கால்வாய். உன் சுற்றுச்சூழல் அனுமதியில குவாரியைச் சுத்திக் கால்வாய் வெட்டணும்னு போட்டிருக்கும். பட்டா நிலத்து ஓரமா 7.5 மீட்டர் இடம் விடணும்னும் இருக்கும். அந்த ஏழரையை விட்டுரு மருமகனே, விடாட்டி அந்த ஏழரை உன்னை விடாது. அந்த இடத்துலதான் கால்வாய் வரணும். எதுக்குன்னு தெரியுமா? மேட்டுலருந்து வர்ற நல்ல மழைத்தண்ணி உன் குழிக்குள்ள இறங்காம, சுத்திக்கிட்டு அதோட பழைய ஓடைக்கே போய்ச் சேரணும். நல்ல தண்ணியை உள்ளே விடாதே. கெட்ட தண்ணியை வெளியே விடாதே. இதுக்கு மேல பெரிய எஞ்சினியரிங் ஒண்ணும் கிடையாது. உள்ளே வர்ற தண்ணி குறைஞ்சா நீ இறைக்க வேண்டியதும் குறையும். கரண்டு பில்லும் குறையும். மாமன் உன் லாபத்தைப் பத்தியும்தான் யோசிக்கிறேன்.

கோப்புல அந்தக் கால்வாய் அழகா ஓடுது, பார்த்தேன். நீல மையில நெளிநெளியா வரைஞ்சிருக்காக. ஆய்வுக்கு ஜீப்பு வந்தா எந்தப் பக்கம் நிறுத்தணும்னும் உனக்குத் தெரிஞ்சிருக்கு. தண்ணிக்குக் கோப்புப் படிக்கத் தெரியாதுங்கிறதுதான் சிக்கல். அது பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும். உன் பொக்லைன் டிரைவரும் அப்படித்தான். அ-பதிவேட்டுல "ஓடைப் புறம்போக்கு"ன்னு இருக்கிறதை அந்தப் பையன் எங்கே பார்த்தான்? மழையில்லாத மாசத்துல அது வெறும் தரை, வண்டிப்பாதை. அதனால புலப்படத்தைப் பிரிச்சு, ஓடை போற தடத்துல முதல்ல கல்லு நட்டு வை. நீர்த்தேக்கம், கால்வாய்ல இருந்து 50 மீட்டரும், குடியிருப்புலருந்து 300 மீட்டரும் தள்ளணும்னு 1959ஆம் வருசத்துச் சிறுகனிமச் சலுகை விதியிலயே இருக்கு. ரொம்ப நாளா இருக்கிற விதி. புதுசா எவனோ உனக்குன்னு கொண்டு வந்தான்னு புலம்பாதே.

5 ஹெக்டேருக்குக் கீழேன்னா சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம்னு ஒரு காலம் இருந்துச்சு. உடனே எல்லாக் குவாரியும் அஞ்சுக்குக் கீழே ஒடுங்கிப்போச்சு. ஒரே மலையைப் பாகப்பிரிவினை மாதிரி துண்டு துண்டா அளந்தாக. 2012 பிப்ரவரியில தீபக் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் அந்த வித்தையை முடிச்சு வச்சுச்சு. சின்னக் குத்தகைக்கும் அனுமதி வேணும்னுருச்சு. பத்துத் துண்டா வெட்டினாலும் மலை ஒண்ணுதான், அடியில ஓடுற தண்ணியும் ஒண்ணுதான்னு நீதிபதிக்குத் தெரிஞ்சுபோச்சு. நீயும் தெரிஞ்சுக்கோ.

இப்ப, ஏற்கெனவே ஓட்டிக்கிட்டிருக்கிற உன் கிரஷருக்கு வருவோம். எம்-சாண்ட் கழுவுறியே, அந்தத் தண்ணியை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு உன் ஆபீஸ் ஜன்னல்ல வை. மணலா இருக்கிறது நீ கையை எடுக்கிறதுக்குள்ள அடியில உக்காந்துரும். அதுக்கு மேல சாம்பல் நிறத்துல ஒரு படலம் சாவகாசமா இறங்கும். அதுக்கும் மேல பால் மாதிரி நிக்கும் பாரு, அது மறுநாளும் பால்தான். உறையும் ஊத்த முடியாது. ஒரு மீட்டர் ஆழம் இறங்குறதுக்கு, மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு இருக்கிற துகளுக்கு 2 நிமிசம் போதும். நூத்துல ஒரு பங்குன்னா 3 மணி நேரம். ஆயிரத்துல ஒரு பங்குன்னா கிட்டத்தட்ட 13 நாளு. அதுவும் ஆடாம அசையாம நிக்கிற தண்ணியில.

நீ "வண்டல் குட்டை"ன்னு காட்டுற பள்ளம் பொக்லைன் நாலு வாளி அள்ளினது. ஒரு பக்கம் தண்ணி விழுகுது, மறுபக்கம் அதே வேகத்துல வெளியே போகுது. துகளுக்கு உக்காரக்கூட நேரம் கொடுக்காம விரட்டுனா எப்படி? பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர்கூட அப்படி விரட்ட மாட்டான். குட்டையை மூணாப் பிரி. முதல் குட்டையில மணல், ரெண்டாவதுல வண்டல், மூணாவதுல நைசு. தண்ணி நுழையிற வாயும் வெளியேறுற வாயும் எதிரெதிர் மூலையில இருக்கட்டும். நைசு உக்காரலைன்னா, உங்க அப்பத்தா தண்ணிப் பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை உரசினது எதுக்குன்னு யோசி. அதே வேலைக்குத்தான் இன்னைக்குப் படிகாரமும் பாலிமரும் போடுறாக. தெளிஞ்ச தண்ணியை ஓடைக்கு விடாதே. திரும்ப மணல் கழுவவும், ரோட்டுல புழுதி அடக்கவும் எடுத்துக்கோ. தண்ணி லாரிக்குக் கொடுக்கிற காசு மிச்சம். சேறு நிறைஞ்சா புரட்டாசிக்குள்ள தூர் வாரிரு. ஐப்பசியில குட்டை நிறையச் சேறு கிடந்தா, புதுத் தண்ணி பழைய சேத்தையும் தோள்ல தூக்கிக்கிட்டுக் கண்மாய்க்கு வந்துரும்.

"வண்டல்தானே மாமா, வயலுக்கு நல்லதுதானே?"ன்னு ஒருநாள் கேட்டே. உன் அறிவை மெச்சினேன். கண்மாய் வண்டலை விவசாயி அள்ளிக்கிறதுக்கு அரசாங்கமே வழி வச்சிருக்கு. அது இலைதழை உக்கி, ஆட்டுப் புழுக்கை கரைஞ்சு சேர்ந்த வண்டல். நீ அனுப்புறது கல்லுமாவு. அது மடையில உக்காரும், கண்மாய்த் தரையில மெழுகும், வயல்ல காஞ்சதும் ஓடு கட்டும். அதுல நெல்லு விளையாது. ஒருவேளை ஜல்லி விளையுமோ என்னமோ, நீ வேணா ஒரு போகம் பயிர் பண்ணிப் பாரு.

எண்ணெய்க்கு ரெண்டு வார்த்தை. ஹிட்டாச்சிக்கு ஆயில் மாத்துறதைப் பாறை மேல வச்சு மாத்தாதே. ஒரு கொட்டகை, சிமெண்டுத் தரை, ஓரத்துல எண்ணெய் பிரிக்கிற தொட்டி, அவ்வளவுதான். டீசல் பேரலைச் சுத்தித் தொட்டி கட்டு. பழைய ஆயிலை விலைக்கு வாங்குறவன் இருக்கான். காசாகிற பொருளை எவனாச்சும் கிணத்துக்குத் தானம் பண்ணுவானா?

வெடிக்கு நாலு வார்த்தை. உன் வெடிமருந்துல பெரும்பங்கு அம்மோனியம் நைட்ரேட்டு. தண்ணியைக் கண்டாச் சர்க்கரையாக் கரையும். குழி நிரப்பும்போது சிந்துறது, ஈரக் குழியில நமத்து வெடிக்காம நின்னது, எல்லாம் கரைஞ்சு பாறை வெடிப்பு வழியா இறங்கும். குடிதண்ணியில நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அதுல சலுகையே கிடையாது. கூடுனா கைக்குழந்தைக்கு ரத்தத்துல பிராணவாயு ஏறாம உடம்பு நீலம் பாயும். நிறம் இல்லை, வாடை இல்லை, ருசி இல்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். அதனால மருந்தைச் சிந்தாம அளந்து போடு, சிந்தினதைக் கூட்டி அள்ளு, தண்ணி நிக்கிற குழிக்கு ஈரம் தாங்குற மருந்தைப் போடு. உன் வெடிகாரருக்கு இதெல்லாம் தெரியும். அவசரப்படுத்தப்போறது நீதான்.

இப்ப உனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்றேன், வெளியே சொல்லாதே. வேலை தொடங்குறதுக்கு முன்னாடி சுத்துப்பட்டுக் கிணத்துக்கெல்லாம் ஜாதகம் எழுதிரு. எந்தக் கிணத்துல எத்தனை அடியில தண்ணி, உப்பு எவ்வளவு, நைட்ரேட்டு எவ்வளவுன்னு கோடையில ஒரு தடவை, மழை முடிஞ்சு ஒரு தடவை ஆய்வுக்கூடத்துல கொடுத்து வாங்கு. கிணத்துக்காரனுக்கு ஒரு பிரதி, பஞ்சாயத்துக்கு ஒரு பிரதி. "எதுக்கு மாமா வம்பை விலைக்கு வாங்கணும்?"ங்கிறியா? நைட்ரேட்டு யூரியாவுலயும் வரும், கக்கூஸ் குழியிலயும் வரும். நாளைக்கு எவன் கிணறு கெட்டாலும், எவன் போர் வத்துனாலும், விரல் உன் பக்கம்தான் நீளும். கையில அளவு இருந்தா நீ பேசலாம். அளவு இல்லாட்டி ஊரு பேசும், நீ கேட்டுக்கிட்டு இருக்கணும். நியாயஸ்தனுக்கு அந்தக் காகிதம் கவசம். அதை எழுத வேண்டாம்னு எவன் சொல்றானோ, அவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ஆழத்துக்கும் ஒரு அளவு வை. குழியில ஊத்து சுரக்க ஆரம்பிச்சா, "பார்த்தியா, நம்ம இடத்துல கங்கை பொங்குது"ன்னு பூசை போடாதே. அது பக்கத்துத் தோட்டத்துக் கிணத்துல இருந்து நகர்ந்து வந்த கங்கை. நீ இறைக்க இறைக்க அவன் கயிறு நீளும். அந்த மட்டத்துக்கு மேலயே நிறுத்திக்கிறவன் புத்திசாலி.

கடைசியில ஒருநாள் கல்லு தீரும். நீ மிசினை ஏத்திக்கிட்டு வேற மலைக்குப் போயிருவே, குழி எங்களோட இருக்கும். அதைக் குப்பை கொட்டுறவனுக்கு உள்வாடகைக்கு விட்டுட்டுப் போகாதே. 2017 வறட்சியில சென்னைப் பட்டணமே தவிச்சப்ப, மாங்காட்டுக்குப் பக்கத்துல சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டைத் தண்ணியைத்தான் எடுத்து, செம்பரம்பாக்கத்துல சுத்திகரிச்சு, குழாய்ல விட்டாக. கைவிட்ட குழி ஒரு ஊரோட தாகத்தைத் தீர்த்திருக்கு. அதுல லாரி லாரியாக் கழிவு கொட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? உன் குழிக்கும் அப்படி ஒரு யோகம் இருக்கலாம். சுத்தி வேலி போட்டு, கரையைப் படிப்படியா வெட்டி, சுத்தமாக் கொடுத்துட்டுப் போ.

இவ்வளவும் செலவுதானேன்னு முகத்தைச் சுளிக்கிறே. கால்வாய், குட்டை, கொட்டகை, கிணத்து ஜாதகம், எல்லாத்துக்கும் ஒரு தொகை போட்டுப் பாரு. குத்தகை கிடைச்சதுக்கு நீ வச்ச பிளக்ஸ் எத்தனை, போட்ட கெடா விருந்து எத்தனை பந்தின்னும் பக்கத்துலயே எழுது. ரெண்டு கூட்டுத்தொகையையும் பார்த்துட்டு வந்து என்கிட்டப் பேசு.

உன் ஆபீஸ்ல 20 லிட்டர் கேன் கவுத்து வச்சிருக்கியே, அதையும் கவனிச்சேன். நாம வெட்டுற மலைக்குக் கீழே வர்ற தண்ணி நமக்கே வேண்டாம்னு முடிவு பண்ணின உன் முன்யோசனையை என்னன்னு சொல்ல! இப்ப வருசத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுது. அதுல மார்ச் 22, உலகத் தண்ணி தினத்துக்குன்னே வச்சது. அன்னைக்கு நீ மேடைக்கு வா, கேன் வேண்டாம். உன் குவாரிக்குக் கீழே இருக்கிற முதல் கிணத்துலருந்து நான் ஒரு சொம்பு மொண்டு கொண்டாரேன், ஆய்வுச் சீட்டை நீ கொண்டா. சீட்டைச் சத்தமா வாசிச்சுட்டு, சொம்பை வாங்கி ஊர் பார்க்கக் குடி. குடிச்சிட்டேன்னா, பென்னிகுக்குக்கு வாங்குற அதே கடையில உனக்கும் ஒரு மாலை வாங்கிப் போடுறேன், என் சொந்தக் காசுல. அன்னைக்குன்னு பார்த்து உனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னா, அடுத்த கிராம சபை மே 1. அதுக்குள்ள கால்வாயை வெட்டிரு. ஐப்பசிக்கு இன்னும் நாளு கிடக்கு.